தனியாக அமெரிக்க பில்லிங் பார்க்கிறீர்களா? கோடு மாற்றங்களைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழி

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ சில வருடம் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸுக்கான குறியீடுகளாக, அதாவது கோடுகளாக, மாற்றும் வேலை) பார்த்துவிட்டு, கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ வீட்டோடு திரும்பி வந்து, இங்கிருந்தே ஒரு சின்ன அமெரிக்க கிளினிக்குக்கு கோடிங்கும் பில்லிங்கும் (அந்தக் கோடுகளைப் போட்டு இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு க்ளெய்ம் அனுப்புவது) சேர்த்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனியில் இருந்தவரை என்ன மாறியது என்று சொல்ல டிரெய்னர் இருந்தார், தப்பைப் பிடிக்க ஆடிட் டீம் இருந்தது. இங்கே இரண்டும் நீங்கள்தான்.

எல்லாவற்றையும் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். நோய்களுக்கான கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் கோடுகள் இருக்கின்றன, உங்கள் டாக்டரிடம் புழங்குவது அதில் ஒரு கைப்பிடி. பில்லிங் சாஃப்ட்வேரில் கடைசி ஒரு வருட ரிப்போர்ட்டை எடுத்து, அதிகம் போன நூறு டயக்னோசிஸ் கோடு, ஐம்பது சிபிடி கோடு (டாக்டர் செய்த சேவைக்கானது), அதிகம் பணம் தரும் ஐந்தாறு பேயர் (இன்சூரன்ஸ் தரப்பு), இவ்வளவையும் ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். புது அறிவிப்பு எது வந்தாலும் இந்த ஷீட்டில் இருப்பதைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். தொடவில்லையா, அடுத்ததுக்குப் போய்விடலாம்.

அப்புறம் தேதிகள். ஐசிடியின் பெரிய மாற்றம் அக்டோபர் 1, சின்னது ஏப்ரல் 1. சிபிடி ஜனவரி 1. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) டாக்டர்களுக்குத் தரும் கட்டணமும் அதே ஜனவரி 1ல்தான் மாறும், அதற்கான இறுதி விதி வழக்கமாக நவம்பர் வாக்கில் வந்துவிடும். எந்தக் கோடோடு எதைச் சேர்த்து பில் பண்ணக்கூடாது என்று சொல்லும் என்சிசிஐ எடிட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஐசிடி ஃபைல்களும் என்சிசிஐ ஃபைல்களும் மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அமைப்பின் தளத்தில் இலவசம். சிபிடி அப்படியில்லை, அது அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனின் காப்புரிமை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் பின்னால் இருக்கும் அப்பெண்டிக்ஸ் பி பக்கம் போங்கள், அந்த வருடம் சேர்ந்தது, நீங்கியது, திருத்தியது எல்லாம் அங்கேயே தொகுத்திருக்கும். ஐசிடி கைட்லைனில் புதிதாக மாறிய வரிகள் தடித்த எழுத்தில் இருக்கும், இடம் மாற்றி வைத்தவற்றுக்கு அடிக்கோடு இருக்கும். முழுசாகப் படிக்க நேரமில்லாத வருடத்தில் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இது எப்படிக் கடிக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். உடல் பருமனுக்கு இ66.8 என்று ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபர் 1ல் அதைப் பிரித்துவிட்டார்கள்: கிளாஸ் 1 என்றால் இ66.811, கிளாஸ் 2 என்றால் இ66.812, கிளாஸ் 3 என்றால் இ66.813, மற்றவை இ66.89. செப்டம்பர் 30ல் வந்த பேஷண்டின் க்ளெய்மை அக்டோபர் பத்தில் அனுப்பினாலும் பழைய கோடுதான் சரி, ஏனென்றால் பார்ப்பது நீங்கள் அனுப்பும் தேதியை அல்ல, டாக்டர் பார்த்த தேதியை. அக்டோபர் 1ல் வந்தவருக்கு அதே கோடு செல்லாது. சலுகைக் காலம் என்று ஒன்றும் கிடையாது. இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. சார்ட்டில் (பேஷண்டின் மருத்துவப் பதிவில்) பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடை அளவு, 37 என்று இருக்கிறதே என்று நாமே கிளாஸ் 2 என்று போடக்கூடாது, கிளாஸை டாக்டர்தான் எழுத வேண்டும். ஆகவே இந்த மாதிரி மாற்றம் வருகிறது என்றால் செப்டம்பரிலேயே டாக்டருக்கு இரண்டு வரி அனுப்பி, நோட்ஸ் டெம்ப்ளேட்டில் கிளாஸைத் தேர்ந்தெடுக்க ஒரு இடம் வைக்கச் சொல்லுங்கள். “கிளாஸ் 2 என்று எழுதுங்கள்” என்று கேட்கக் கூடாது, “எந்த கிளாஸ்” என்று கேட்கலாம்.

புத்தகத்தில் கோடு இருக்கிறது என்பதற்காகப் பணம் வந்துவிடாது. ஃபோன் விசிட்டுக்கு இருந்த 99441 முதல் 99443 வரையிலான கோடுகளை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டு 98000 வரிசையைக் கொண்டுவந்தார்கள். மெடிகேரோ அதில் 98016ஐத் (சுருக்கமான ஃபோன் பேச்சுக்கானது) தவிர மற்றதை ஏற்காமல், வழக்கமான ஆஃபீஸ் விசிட் கோடையே போட்டு, குரல் மட்டும் என்றால் மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் கூடுதல் குறி) 93 சேர்க்கச் சொன்னது. ஒரே டாக்டர் தொடர்ந்து கவனிப்பதற்காக விசிட் கோடோடு கூடுதலாகப் போடும் ஜி2211ம் இப்படித்தான். 2024ல் பணம் தர ஆரம்பித்தார்கள், மாடிஃபையர் 25 உள்ள விசிட்டோடு போட்டால் கிடையாது என்றார்கள், 2025ல் தடுப்பூசி, வருடாந்திர வெல்னஸ் விசிட் மாதிரியானவற்றோடு வந்தால் பரவாயில்லை என்றார்கள். பிரைவேட் இன்சூரன்ஸ்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. அவர்களுடைய புரொவைடர் புல்லட்டினுக்கு உங்கள் மெயிலைக் கொடுத்து வையுங்கள், பாதி குப்பையாக வரும், மீதிப் பாதி உங்களைக் காப்பாற்றும்.

என்னைக் கேட்டால் எந்த வெபினாரையும்விட நல்ல வாத்தியார் உங்கள் டினையல்தான், அதாவது பேயர் பணம் தர மறுத்த க்ளெய்ம். வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியும் முன், அந்த வாரத்து டினையல்களைக் காரணக் கோடு வாரியாகப் பிரியுங்கள். சிஓ-16 என்றால் ஏதோ விவரம் குறைகிறது, என்ன என்பது கூட வரும் ரிமார்க் கோடில் இருக்கும், அதைப் படிக்காமல் அப்படியே திரும்ப அனுப்பாதீர்கள். சிஓ-97 என்றால் இன்னொரு சேவைக்குள் அடங்கியது என்கிறார்கள், என்சிசிஐ ஃபைலைப் பாருங்கள். அந்த ஜோடிக்கு எதிரே 0 இருந்தால் மாடிஃபையர் போட்டும் பயனில்லை, 1 இருந்தால் சார்ட்டில் ஆதாரம் இருக்கும்போது மட்டும் போடலாம். சிஓ-50 மருத்துவத் தேவை பற்றியது. அன்றுவரை வராத ஒரு காரணம் ஒரே பேயரிடமிருந்து திடீரென்று நாலைந்து வந்தால் அங்கே ஏதோ விதி மாறியிருக்கிறது என்று அர்த்தம். கிளியரிங்ஹவுஸிலேயே (க்ளெய்மைச் சரிபார்த்து பேயருக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்) திரும்பி வந்தது டினையல் இல்லை, பேயர் கைக்கு அது போகவே இல்லை, கெடுவோ ஓடிக்கொண்டே இருக்கும். மெடிகேருக்கு சேவை நாளிலிருந்து ஒரு வருடம். பிரைவேட்டில் ஒப்பந்தத்தைப் பொறுத்து இதைவிடக் குறைவாக இருக்கலாம், தாண்டினால் சிஓ-29தான்.

மலைக்கென்று ஒரு விஷயம். அக்டோபர் 1 மாற்றமும் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருகின்றன. மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஃபைல்களை செப்டம்பரிலேயே இறக்கி வையுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்து வையுங்கள், இரண்டாவது கனெக்‌ஷனுக்கு வேறு கம்பெனி சிம் ஒன்று இருக்கட்டும். நெட் இல்லை என்று பேஷண்ட் சார்ட்டை ஃபோனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், பேஷண்ட் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்கு மழையெல்லாம் தெரியாது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்கு மாலை 6.30லிருந்து 7.30க்குப் போய்விடும், பேயரிடம் ஃபோனில் பேசும் வேலையை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

சிபிசி (கோடர்களுக்கான சான்றிதழ்) வைத்திருப்பவர்களுக்கு அதைத் தக்கவைக்க இரண்டு வருடத்துக்கு 36 சிஇயு (தொடர்கல்விப் புள்ளி) வேண்டும். கடைசி மாதத்தில் வர்க்கியும் டீயுமாக உட்கார்ந்து மொத்தமாக முடிப்பதைவிட, ஷீட்டில் உள்ள கோடுகளைப் பற்றிய வகுப்புகளாகப் பார்த்து இடையிடையே முடிப்பது நல்லது. போன வருடப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மெடிகேரில் முதல் அப்பீலுக்கு முடிவு கைக்கு வந்ததிலிருந்து 120 நாள் தருகிறார்கள், அப்போது வாதாட வேண்டியது டாக்டர் பார்த்த அன்றைக்கு இருந்த விதியை வைத்துத்தான்.