ஞாயிறு காலை ரெண்டு மணி நேரம்: வாரச் சமையலைச் சுலபமாக்குவது எப்படி?

வீட்டுச் செலவைக் குறைக்கணும் என்று நினைத்ததும் எல்லாரும் முதலில் தேடுவது, எங்கே போனால் மலிவாகக் கிடைக்கும் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, கோயம்பேடு போய் எட்டுக் கிலோ வெங்காயமும் ஐந்து கிலோ தக்காளியும் வாங்கி ரெண்டு கையும் இற்றுப்போகிற மாதிரி தூக்கி வந்தேன். போக வர டிக்கெட், வழியில் டீ, ரெண்டு பஜ்ஜி, அரை நாள் பொழுது, அதற்கு மேல் அந்த வாரமே ஒன்றரைக் கிலோ தக்காளி அழுகிக் குப்பைக்குப் போனது. கொத்தவால்சாவடி மார்க்கெட் இருந்த காலத்தில் எங்கள் அப்பா சைக்கிளில் போய் மூட்டை கட்டி வந்த கணக்கு வேறு. 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. நாலு பேர் குடும்பத்துக்காக அங்கே ஓடுவது கட்டுப்படியாகாது. தெருமுனைத் தள்ளுவண்டியே போதும்.

எங்கள் காசு போனது வேறு இடத்தில். எனக்கு மணலியில் ஷிப்ட் வேலை, மனைவிக்குப் பாரிமுனையில் கடை வேலை. ராத்திரி ஏழரை மணிக்கு ரெண்டு பேரும் அடுப்படியில் நின்று "என்ன பண்றது?" என்று ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம், அதற்குள் பசங்க "பசிக்குது" என்பாங்க, உடனே நான் சட்டையை மாட்டிக்கொண்டு பரோட்டா வாங்கக் கிளம்பிவிடுவேன். அந்த ஏழரை மணிக்குத்தான் வழி செய்யணும். அதற்கு நான் செய்கிறதை வரிசையாகச் சொல்கிறேன். சமையலே தெரியாதவர்களும் செய்யலாம், எனக்கே மூணு வருஷத்துக்கு முன்னால் ரசம் வைக்கத் தெரியாது.

படி 1: ஒரு வாரம் வெறுமனே எழுதுங்கள்

பசங்களின் பழைய நோட்டு ஒன்று எடுத்து, சாப்பாட்டுக்கு என்று வாங்கினது எல்லாவற்றையும் ஒரு பக்கமும், தூக்கிப் போட்டதை எல்லாம் எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். அந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம், நல்ல பிள்ளையாக நடிக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டு முதல் வாரம்: பார்சல் நாலு தடவை, மாவு பாக்கெட் மூணு, எதிர்ப்பக்கத்தில் கொத்தமல்லி ரெண்டு கட்டு, அரைத் தேங்காய், மூணு நாள் மிஞ்சின சோறு. அந்த எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால்தான் கண்ணு திறக்கும்.

படி 2: ரேஷன் கடையைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

அரிசி கார்டு வைத்திருந்தும் "அந்த அரிசி நல்லா இருக்காது" என்று மாவுக்கடைக்காரருக்கே தள்ளிவிடுகிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்புறம் அதே கடையில் மாவு வாங்குகிறார்கள், இந்தக் கூத்தை என்ன சொல்ல. 2011லிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சரக்கு வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், மாசக் கடைசியில் போனால் பருப்பு இருக்காது.

வாடை வருகிறதா? நாலு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி அரை மணி நேரம் ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்துக் கஞ்சி வடித்துப் பாருங்கள். கழுவும்போது வேறு நிறத்தில் சில அரிசி மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடாதீர்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, நூறு பங்குக்கு ஒரு பங்கு என்று கலப்பார்கள். எங்கள் அம்மா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாக வைத்து எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

படி 3: மாவு வீட்டில் அரையுங்கள்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி மூணு டம்ளர், இட்லி அரிசி ஒரு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் அரை ஸ்பூன். எல்லாமே ரேஷன் அரிசியில் போட்டால் எங்கள் வீட்டில் இட்லி கொஞ்சம் கெட்டியாக வந்தது, அதனால்தான் இந்தக் கலவை. அரிசியைத் தனியாக, உளுந்தும் வெந்தயமும் தனியாக, நாலு மணி நேரம் ஊறட்டும்.

கிரைண்டரில் முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, ஐஸ் தண்ணீராக இருந்தால் ரொம்ப நல்லது, மாவு சூடாகாது. அரை மணி நேரம் ஓடட்டும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவு போட்டுப் பாருங்கள், மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஓடணும். அப்புறம் அரிசி, சன்ன ரவைப் பதத்துக்கு. ரெண்டையும் உப்பு போட்டுக் கையால் கலக்குங்கள்.

பாத்திரத்தில் பாதிதான் ஊற்றணும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன மே மாசம், வெளியே ராத்திரியும் அனல், நான் முக்கால் பாத்திரம் ஊற்றி மூடி மேடையில் வைத்துவிட்டு நைட் ஷிப்ட் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, மேடை இறங்கி, கீழே இருந்த உருளைக்கிழங்குக் கூடைக்குள் போய் உறைந்து கிடக்கிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை, துடைக்கிற துணியை மட்டும் கையில் கொடுத்தாள். கோடையில் இங்கே ஆறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். பொங்கினதும் பிரிட்ஜ். முதல் ரெண்டு நாள் இட்லி, அடுத்த ரெண்டு நாள் தோசை, புளித்ததும் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. காலை நாஷ்டா கவலை அத்தோடு தீர்ந்தது.

படி 4: மீனைக் கூறாக வாங்கிப் பிரித்து வையுங்கள்

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் வாங்கத் தெரியவில்லை என்றால் எப்படி? ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தலை சுற்றும், அவ்வளவு கூட்டம், கால் வைக்கிற இடமெல்லாம் ஐஸ் தண்ணீர். முதல் தடவை போகிறவர்கள் வஞ்சிரத்தைப் பார்த்து மயங்கி மொத்தக் காசையும் அதிலேயே விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டிப் போங்கள். கவளை, காணாங்கத்தை, நெத்திலி, காரப்பொடி என்று விலை குறைந்த மீனாகப் பாருங்கள். முள் அதிகம்தான், குழம்பில் ருசிக்கு வஞ்சிரம் இதுகளிடம் பிச்சை வாங்கணும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கணும், பழுப்பு நிறம் என்றால் வேண்டாம். கண் குழி விழாமல் பளபளப்பாக இருக்கணும். விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் எழும்பணும். மீன்கார அம்மா "என்ன ராஜா, பொண்ணு பாக்க வந்தியா, மீன் வாங்க வந்தியா?" என்று சத்தம் போடுவாங்க, போடட்டும், பார்த்து வாங்குங்கள்.

கூறாக வாங்கினால் விலை இறங்கும், ஒரு வீட்டுக்கு அது ஜாஸ்தி. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து ஒரு கூறு எடுத்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். கவளை, காணாங்கத்தை மாதிரி மீன் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால் வீட்டிலிருந்தே ஒரு பையில் ஐஸ் எடுத்துப் போங்கள். வந்ததும் கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். வறுக்கிற பங்கில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி ஃப்ரீசரில் வைத்தால், காலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போகலாம், ராத்திரி கல்லில் போட்டு எடுக்கிற வேலைதான். இளகின மீனை மறுபடி ஃப்ரீசருக்குத் தள்ளாதீர்கள்.

குழம்பை ஞாயிறு மத்தியானமே வையுங்கள், மிச்சத்தைத் திங்களுக்கு எடுத்து வையுங்கள். முதல் நாள் குழம்பைவிட மறுநாள் குழம்பு மேல் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

படி 5: அந்த ரெண்டு மணி நேரம்

மீன் வேலை முடிந்த கையோடு இதைத் தொடங்குங்கள். குக்கரில் ரெண்டு டம்ளர் துவரம்பருப்பு, அரை மணி நேரம் ஊறினது, மேல் தட்டில் உருளைக்கிழங்கு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து எட்டு நிமிஷம் கணக்கு. "அஞ்சு விசில் விடு" என்று அம்மா சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் ஒவ்வொரு விசிலிலும் வெளியே போகிற ஆவி நம் சிலிண்டர் காசு. பெரிய தீயில் வைத்தாலும் உள்ளே சூடு ஏறப் போவதில்லை, விசில்தான் ஜாஸ்தி வரும்.

பருப்பு வேகிற நேரத்தில் தொக்கு. ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு, எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்கி ஆற வைத்து நாலு டப்பா. ரெண்டு பிரிட்ஜில், ரெண்டு ஃப்ரீசரில். முட்டைக் குழம்பு, கொண்டைக்கடலை, தக்காளி சாதம் எதுவானாலும் பாதி வேலை முடிந்த மாதிரி. தக்காளி விலை ஏறுகிற நாளில் தொக்கு வேண்டாம், 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாங்கள் ஒரு மாசம் புளியிலேயே ஓட்டினோம், மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகு ரசம் என்று. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

புளியைச் சுடுதண்ணீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்து உப்பு போட்டு ஒரு பாட்டிலில். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில். பூண்டு உரிக்கிற வேலையைப் பசங்களிடம் கொடுத்துவிடுங்கள், டி.வி. பார்த்துக்கொண்டே உரிப்பார்கள். கொத்தமல்லியைக் கழுவாமல் பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்தால் வாரம் தாங்கும், ஈரம்தான் அதற்கு எமன்.

மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் வாங்காமல் மாடியில் காய வைத்து மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ நீட்டு மிளகாய்க்கு முக்கால் கிலோ தனியா, கொஞ்சம் மிளகு, சீரகம், விரலி மஞ்சள். ரெண்டு மாசம் வரும்.

படி 6: ஏழரை மணி

இப்போது திங்கள் ராத்திரி தோசையும் மீன் குழம்பும். செவ்வாய் வெந்த பருப்பில் பாதியை எடுத்து சாம்பார், இருபது நிமிஷம். புதன் மீதிப் பருப்பில் கீரைக் கூட்டு, கொஞ்சம் ரசத்துக்கு. வேக வைத்த பருப்பு பிரிட்ஜில் மூணு நாளைக்கு மேல் வேண்டாம். வியாழன் தொக்கில் முட்டைக் குழம்பு. வெள்ளி எங்களுக்குப் பார்சல் நாள், நான் எதையும் மறைக்கவில்லை, பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கி வருவேன். முன்னே வாரத்தில் நாலு தடவை, இப்போது ஒரு தடவை, அதுவும் எல்லாரும் காத்திருந்து சாப்பிடுவதால் ருசி கூடிவிட்டது.

இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றாதீர்கள். உங்கள் வீட்டில் எந்த நாள் யார் லேட்டாக வருவார்களோ, அந்த நாளுக்கு ரொம்பச் சுலபமானதைப் போடுங்கள்.

படி 7: மிச்சச் சோறு

நம்ம ஊர் வெயிலில் சோற்றை ராத்திரி முழுக்க அப்படியே மேடையில் விடுவது ஆபத்து. காலையில் சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், வெளியே கிடக்கிற சோற்றில் வளர்கிற ஒரு கிருமி விடும் நஞ்சு சூட்டுக்கு அசையாது. ஆறினதும் ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் எலுமிச்சை சாதமோ தாளித்த தயிர் சாதமோ ஆகும். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு. மோர், சின்ன வெங்காயம் போதும்.

அந்தப் பழைய சோற்றுக்குக் கருவாடு. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு கொண்டு வருகிற மீன்தான், விலை எகிறும். அதனால் மார்ச் மாசத்திலேயே நெத்திலிக் கருவாடு அரை கிலோ வாங்கி, ஒரு நாள் வெயிலில் காய வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். வறுக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் எட்டிப் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்கா துணி காயப் போட்டிருந்தால் அடுத்த வாரம் மீன் கூறுக்குப் பங்காளி கிடைக்காது.