விறகு அறுக்கும் செயின் சாவுக்குப் பாரும் செயினும் தேர்ந்தெடுப்பது எப்படி?

செயின் சா வாங்கிய முதல் ஆண்டில், பழைய செயின் தேய்ந்துபோனதும் கடைக்குப் போய், “பதினெட்டு இஞ்சு செயின் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வந்தேன். மாட்டும்போது எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் சீமைக் கருவேலக் கட்டையில் வைத்ததும், வெட்டு நேராக இறங்காமல் பிறை போல ஒரு பக்கமாக வளைந்து ஓடியது. பல் தீட்டியதில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) காடி, அதாவது செயின் பதிந்து ஓடும் பள்ளம், 1.5 மி.மீ., கடையில் கொடுத்த செயினோ 1.3 மி.மீ. என்பது பிறகுதான் தெரிந்தது. காடிக்குள் செயின் சாய்ந்தபடியே ஓடியிருக்கிறது. கடைக்காரரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. இஞ்சுக் கணக்கை மட்டும் சொல்லிக் கேட்டவன் நான்.

முதல் படி: எந்த மரத்தை அறுக்கப் போகிறீர்கள்?

விறகுக்காக நாம் அறுப்பவை பெரும்பாலும் சீமைக் கருவேலம், சவுக்கு, வேம்பு, புளி ஆகிய மரங்களின் கிளைகளும் நடுத்தரக் கட்டைகளும்தான். இவற்றில் பத்து இஞ்சுப் பருமனைத் தாண்டுபவை குறைவு. கட்டையின் பருமனைவிட இரண்டு இஞ்சு கூடுதலான பார் இருந்தால் ஒரே வெட்டில் அறுத்துவிடலாம். அதைவிடப் பெரிய அடிமரம் எப்போதாவது வந்தால், இருபுறமிருந்தும் அறுத்து, 16 இஞ்சுப் பாரைக் கொண்டே ஏறத்தாழ இரண்டு அடிப் பருமன் வரை சமாளிக்கலாம்.

எனவே வீட்டு விறகுக்கு 14 அல்லது 16 இஞ்சு, மிஞ்சினால் 18 இஞ்சு போதும் என்பது என் கருத்து. 22 இஞ்சுப் பார் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் 86 டிரைவ் லிங்க் (பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி) கொண்ட அந்தச் செயினில் 43 பற்கள் இருக்கும், அத்தனையையும் நீங்கள்தான் தீட்ட வேண்டும். 64 லிங்க் கொண்ட 16 இஞ்சுச் செயினில் 32 பற்கள்தான். மேலும், 45 சிசிக்குக் குறைந்த இயந்திரத்தில் நீளமான பாரைப் பூட்டினால், வைரம் பாய்ந்த கட்டையில் இன்ஜின் திணறும். பாரின் நுனி வரை எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. 50 சிசிக்கு மேற்பட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் 18, 20 இஞ்சைப் பற்றி யோசிக்கலாம்.

பாரைக் கழற்றி முனைக்கு முனை அளந்து நீளம் சொல்லாதீர்கள். இயந்திரத்தின் உடலுக்கு வெளியே மூக்கு வரை நீண்டிருக்கும் பகுதிதான் கடைக்காரர் சொல்லும் இஞ்சு.

இரண்டாம் படி: மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

செயினுக்கு உண்மையான அடையாளம் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான். பாரின் வால் பக்கத்தில், இயந்திரத்தோடு பொருந்தும் இடத்தில், இவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அழிந்துபோயிருந்தால் நாமே அளந்துகொள்ளலாம்.

பிட்ச் என்பது கண்ணிகளின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதைப் பாதியாக்க வேண்டும். அளவு 16.5 மி.மீ. வந்தால் பிட்ச் 0.325 இஞ்சு, 19 மி.மீ.யை ஒட்டி வந்தால் 3/8 இஞ்சு. இந்த 3/8இலேயே சிறிய இயந்திரங்களுக்கான ‘லோ புரொஃபைல்’ வகை தனியாக உண்டு. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. செயினின் பிட்ச், பாரின் மூக்கிலுள்ள பற்சக்கரம், இயந்திரத்தில் செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் ஆகிய மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கேஜ் என்பது காடிக்குள் இறங்கும் டிரைவ் லிங்க்கின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என வரும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் கண்ணால் பார்த்து 1.3ஐயும் 1.5ஐயும் பிரித்தறிய முடியாது. தடித்த செயின் குறுகிய காடிக்குள் நுழையாது, அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். மெல்லிய செயின் அகன்ற காடிக்குள் நுழைந்துவிடும். நான் ஏமாந்தது அங்கேதான்.

டிரைவ் லிங்க்குகளை எண்ணும்போது ஒன்றின்மேல் சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஒரே 16 இஞ்சுப் பாருக்கு இயந்திரத்தைப் பொறுத்து 56, 57, 64 என வெவ்வேறு எண்ணிக்கை வருவதால் இந்த எண்ணைத் தவிர்க்க முடியாது. ஆரிகன் நிறுவனத்தின் செயினாக இருந்தால் டிரைவ் லிங்க்கில் பொறித்த எண்ணே பாதி வேலையை முடித்துவிடும்: 91 என்றால் 3/8 லோ புரொஃபைல், 1.3 மி.மீ.; 21 என்றால் 0.325, 1.5 மி.மீ.

மூன்றாம் படி: பல்லின் வடிவம்

பல்லின் மூலை கூர்மையான சதுரமாக இருந்தால் ஃபுல் சிசல். சற்று உருண்டிருந்தால் செமி சிசல். சுத்தமான பச்சை மரத்தில் முன்னது வேகமாக அறுக்கும். ஆனால் நம் விறகு காய்ந்தது, கடினமானது, பட்டையிடுக்கில் மண் ஒட்டியது. அதில் ஃபுல் சிசலின் கூர் விரைவில் மழுங்கிவிடும். செமி சிசல் அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். புதியவர்கள் யோசிக்காமல் செமி சிசலையே வாங்கலாம். அதிலும் எகிறலைக் குறைக்கும் ‘லோ கிக்பேக்’ வகை கிடைத்தால் மிகவும் நல்லது. பார் மூக்கின் மேற்பாதி மறுகட்டையில் இடித்தால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும் என்பதால், மூக்கு குறுகலான பாரைத் தேர்ந்தெடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

இன்றைய செயின் பல்லின் வடிவமே விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் அடிமரமொன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவுவதைக் கவனித்தார். பல் இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக மாறி மாறி அமைந்த செயினை அடுத்த ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

நான்காம் படி: வாங்குவதும் மாட்டுவதும்

பழைய பாரையும் செயினையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். புதிய பாரைப் பழையதன்மேல் வைத்து, போல்ட் நுழையும் நீள் துளை, எண்ணெய்த் துளை, செயினை இறுக்கும் ஊசிக்கான துளை ஆகியவை ஒன்றாக அமைகின்றனவா என்று பாருங்கள். கூடவே வட்ட அரமும் வாங்கிவிடுங்கள்: லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325க்கு 4.8 மி.மீ. ஸ்பிராக்கெட்டில் அரை மி.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய செயினும் விரைவில் கெட்டுவிடும்.

இயந்திரத்தை அணைத்து, கையுறை அணிந்து மாட்டுங்கள். பாரின் மேற்புறத்தில் பற்களின் கூர் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். அடிப்புறம் தொங்காமலும் கையால் இழுத்தால் தாராளமாக நகரும்படியும் இறுக்குங்கள். புதிய செயின் முதல் சில வெட்டுகளிலேயே நீளும். ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள். முதல் கட்டையை அறுத்ததும் கீழே விழுந்ததைக் கையில் அள்ளிப் பாருங்கள். சிறு சிறு சீவல்களாக இருந்தால் பல் சரியாக இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம்.