புது டர்போ காரைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட்டில் யாராவது ஹோண்டா சிவிக் டைப் ஆர் மாதிரி ஒரு டர்போ காரை எடுத்தால், முதல் ஓட்டம் மாரியம்மன் கோயிலுக்குத்தான். டயரில் எலுமிச்சம்பழம் நசுக்குவது வரை சரி. அப்புறம் சத்தம் கேட்க ஆசைப்படும் மாமன் மச்சான்களுக்காக, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்களே, அதுதான் தப்பு. ஆயில் சூடாகும் முன் என்ஜினை முறுக்கக் கூடாது; கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுதாகச் சூடேற இன்னும் சில நிமிடங்கள் ஆகும்.

ஆனால் நம் ஊரில் அதிகம் நடப்பது இதற்கு நேர்மாறான தவறு. “புது வண்டி, மெதுவா ஓட்டுப்பா” என்று அப்பா சொன்னார் என்பதற்காக, செம்பனைக் குலை லோரிக்குப் பின்னால் ஆறாவது கியரில் ஊர்ந்துகொண்டிருப்பது. சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையிலேயே குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் இழைத்திருப்பார்கள். அவை ஆயிலைப் பிடித்துவைக்கும். அந்தக் கோடுகளின் முனைகள் கொஞ்சம் தேய்ந்துதான் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் சுவரோடு பொருந்துகிறது. ரிங்கைச் சுவரில் அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். பளுவே தராமல் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது; சுவர் பளபளவென்று மெருகேறிவிடும், பிறகு கார் ஆயில் குடிக்கும். இன்றைய என்ஜின்களில் இந்த ஆபத்து பழைய கார்களைவிடக் குறைவுதான். ஆனால் உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் திணறவிட்டு மிதிப்பது டர்போவுக்கு எப்போதுமே ஆகாது. பெட்ரோல் நேரம் தவறி எரிந்து பிஸ்டனையே உடைத்துவிடலாம்.

என்ஜின் சூடான பிறகு மூன்றாம் நான்காம் கியரில் பாதி மிதி கொடுத்து நடுத்தரச் சுற்று வரை ஏற்றுங்கள், பிறகு காலை எடுத்து இறங்கவிடுங்கள். கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரும் வழியில், மெனோரா சுரங்கப்பாதைக்கு முன் உள்ள ஏற்றம் இதற்கு நல்ல இடம். கியரை மட்டும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு வரை குரூஸ் கன்ட்ரோல் போட்டு 110-லேயே போவதில் பயனில்லை. சுற்று ஏறி இறங்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் வரை இப்படிப் பழக்க வேண்டும் என்பதை ஒர்க்‌ஷாப் பேச்சில் தேடாதீர்கள், கையேட்டில் பாருங்கள். ஹோண்டா முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு மிதியும் திடீர் வேகமும் வேண்டாம் என்கிறது. பிஎம்டபிள்யூவின் அதிவேக வரிசையான எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டர். அந்த வரிசையின் எம்3-க்கு அதுவரை நிமிடத்துக்கு 5,500 சுற்று, மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை. (170 போனால் வீட்டுக்கு சம்மன் வரும், அது வேறு கதை.)

ஆயில் விஷயத்திலும் இதேதான். எம் காருக்கு 2,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியே ஆக வேண்டும். ஹோண்டாவோ முதல் சர்வீஸ் வரை தொடாதே என்கிறது. நண்பர் கொடுத்த ‘விசேஷ’ மருந்து பாட்டில் எதற்குமே தேவையில்லை. புது என்ஜின் சற்றுக் கூடுதலாக ஆயில் எடுக்கலாம், அதனால் அவ்வப்போது அளவைப் பாருங்கள்.

பிரேக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை, அதாவது ஹோண்டா கணக்கில் முதல் 300 கிலோமீட்டருக்கு, அவசரம் இல்லாமல் அழுத்தி மிதிக்காதீர்கள்.