கடைமடை ஷட்டருக்கு ஒரு சில்லு: பழுதைத் தாங்கி, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் செயலியை வடிவமைக்கும் முறை

மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவிடும் செயலியை மட்டும் கேட்டால் வடிவமைத்துவிடலாம். பழுது ஏற்பட்டாலும் தவறான முடிவு எடுக்காத செயலியை மட்டும் கேட்டாலும் வடிவமைத்துவிடலாம். இரண்டையும் ஒரே சில்லில் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பழுதைத் தாங்குவதற்காகச் சுற்றுகளை இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ வைத்தால், கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் மின்சாரத்தைக் குடிக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்தாலோ, ஒரு பிட்டைத் தாங்கி நிற்கும் மின்னூட்டமும் குறைந்து, அந்த பிட் எளிதில் கவிழ்கிறது, அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறிவிடுகிறது. ஆகவே மின்கணக்கையும் பழுதுக்கணக்கையும் வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்துவிட்டுக் கடைசியில் பொருத்திப் பார்ப்பது பயன் தராது. முதல் நாளிலேயே ஒரே தாளில் இரண்டையும் எழுத வேண்டும்.

திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிக் கல்லூரிகளில் வி.எல்.எஸ்.ஐ. (சில்லு வடிவமைப்பு) படிப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுவதால், எடுத்துக்காட்டையும் காவிரிப் படுகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். கடைமடைப் பகுதியில் ஒரு கிளை வாய்க்காலின் ஷட்டரில் பொருத்தும் கட்டுப்பாட்டுச் சில்லு நமது பணி. அது 15 நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து நீர்மட்டத்தை அளக்கும். அளவை ரேடியோ வழியே அனுப்பும். ஆணை வந்தால் சிறிய மோட்டாரை இயக்கி ஷட்டரை ஏற்றவோ இறக்கவோ செய்யும். மற்ற நேரமெல்லாம் தூங்கும்.

எந்தப் பழுது, எவ்வளவு தீங்கு

பழுது தாங்கும் வடிவமைப்பைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் கதிர்வீச்சிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் ஆகிய இருவரும், சில்லின் உறைப் பொருளில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்களே நினைவகத்தின் பிட்களைக் கவிழ்க்கின்றன என்று 1978-இல் காட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் நம் படுகை கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் தலைக்கு மேலே வளிமண்டலம் முழுத் தடிமனில் நிற்கிறது. தென்னிந்தியா புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆற்றல் குறைந்த கதிர்களைப் புவியின் காந்தப்புலமே திருப்பிவிடுகிறது. விண்கலத்துக்குத் தேவையான பாதுகாப்பை அப்படியே எடுத்து வாய்க்கால் கரையில் வைப்பது மின்சாரத்தை வீணடிப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே முதன்மையான எதிரிகள் வேறு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பம்ப்செட்டுகள் அடுத்தடுத்து ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் திடீரெனச் சரிகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடிமின்னல் நீண்ட கம்பிகளில் மின்னெழுச்சியைத் தூண்டுகிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து உப்புக்காற்று இணைப்பான்களை அரித்து, உணரியின் சைகையை விட்டுவிட்டு வரச் செய்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் வெளிக்காற்றைவிட வெகுவாக ஏறுகிறது. இவற்றோடு, 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதையும் நினைவில் வைத்து, மின்கலத்துக்கு மின்னேற்றும் சூரியத் தகடு சேதமடைந்தாலும் மின்கலத்தை மட்டும் நம்பிச் சில வாரம் இயங்குவதை ஒரு தேவையாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

பழுதுகளின் பட்டியல் முடிந்ததும், ஒவ்வொன்றும் என்ன தீங்கைச் செய்யும் என்று கேளுங்கள். ஓர் அளவீட்டில் ஒரு பிட் தவறினால் அடுத்த 15 நிமிடத்தில் புதிய அளவீடு வந்துவிடும். அதற்குப் பெரிய காவல் தேவையில்லை. ரேடியோச் செய்தியில் தவறு நேர்ந்தால் செய்தியோடு சேர்த்தனுப்பும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் அதைப் பிடித்துவிடும். ஆனால் மோட்டாருக்கான ஆணை தவறினால், நட்டு ஒரு வாரமே ஆன சம்பா நாற்று இரவோடு இரவாக மூழ்கிவிடும்; அல்லது முறைப்பாசனத்தில் கடைமடைக்கு வர வேண்டிய தண்ணீர் வராமலே முறை முடிந்துவிடும். பாதுகாப்பின் பெரும்பகுதியை அந்த ஓரிடத்தில்தான் செலவிட வேண்டும். பழுது தெரிந்தவுடன் ஷட்டர் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் விடை ஒன்றல்ல. வடிகால் ஷட்டர் மழைக்காலத்தில் மூடிக்கொண்டால் ஊரே வெள்ளத்தில் நிற்கும். ஆகவே ‘பாதுகாப்பான நிலை’ எது என்பதைச் சில்லுக்குள் மாற்ற முடியாதபடி பதிக்காமல், பொருத்தும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் அமைப்பாக வைப்பதே முறை. வாய்க்கால் பணியாளரான லஸ்கர் கையால் சுழற்றித் திறக்கும் வசதி எந்நிலையிலும் தடைபடக் கூடாது.

மின்கணக்கு

இயங்கும்போது ஆகும் மின்திறன் மின்தேக்கத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும், அதிர்வெண்ணுக்கும் ஏற்ப வளர்கிறது. மின்னழுத்தத்தை 1.8 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட்டுக்கு இறக்கினால் செயலியை அடியெடுத்து நடத்தும் க்ளாக் சைகையின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆகும் ஆற்றல் 44 விழுக்காடாகக் குறைவது இதனால்தான். எனினும், நாளின் பெரும்பகுதி தூங்கும் சில்லுக்கு இந்தக் கணக்கு பாதிதான்; மறுபாதி கசிவு மின்னோட்டம், அதாவது வேலை செய்யாதபோதும் டிரான்சிஸ்டர்கள் வழியே ஒழுகும் மின்னோட்டம்.

எண்களை வைத்துப் பார்ப்போம். செயலியும் உணரியும் விழித்திருக்கையில் 20 மில்லிவாட் எடுத்துக்கொண்டு 2 விநாடி வேலை செய்வதாக வைத்தால், ஒரு விழிப்புக்கு 40 மில்லிஜூல். நாளொன்றுக்கு 96 விழிப்புகளுக்கு 3.84 ஜூல். தூங்கும்போது 25 டிகிரி செல்சியஸில் 10 மைக்ரோவாட் கசிவதாக வைத்தால் நாள் முழுவதற்கும் 0.86 ஜூல்தான், பொருட்படுத்த வேண்டாம் என்று தோன்றும். ஆனால் கசிவு தோராயமாக 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. பெட்டிக்குள் பிற்பகலில் 6 மணி நேரம் 65 டிகிரி நிலவினால், கசிவு 16 மடங்காகி 160 மைக்ரோவாட் ஆகும். அந்த 6 மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 3.46 ஜூல் போய்விடும். அதாவது, நாள் முழுவதும் செய்த வேலைக்கு ஆன ஆற்றலுக்கு நிகரான அளவை, ஒரு வேலையும் செய்யாத பிற்பகல் தூக்கம் விழுங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தின் குளிர்சாதன அறையில் அளந்த எண்ணை நம்பி மின்கலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் பிறக்கின்றன. கசிவு குறைவான பழைய 180 அல்லது 130 நானோமீட்டர் தொழில்நுட்பமே இந்த வேலைக்குப் பொருத்தமானது. நவீன நுண்தொழில்நுட்பத்தின் வேகம் நமக்குத் தேவையே இல்லை. தூங்கும்போது விழித்திருக்க வேண்டிய பகுதியை, அதாவது நேரக்கணிப்பியையும் சிறிதளவு நினைவகத்தையும் மட்டும், தனி மின்வட்டாரமாகப் பிரித்து, மற்ற வட்டாரங்களின் மின்சாரத்தையே துண்டித்துவிட வேண்டும். துண்டித்த வட்டாரத்திலிருந்து வரும் கம்பிகளில், சைகையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் தடுப்புச் செல்கள் இல்லையென்றால், நிலையற்ற சைகை விழித்திருக்கும் பகுதிக்குள் புகுந்துவிடும். மூன்றாவது முடிவே முதன்மையானது: தூங்கும் சில்லில் கூடுதல் பரப்பளவு நாள் முழுவதும் கசிகிறது, கூடுதல் நேரமோ விழித்திருக்கும்போது மட்டுமே செலவாகிறது. ஆகவே முடிந்த இடங்களிலெல்லாம் சுற்றை மும்மடங்காக்குவதற்குப் பதிலாக, அதே சுற்றில் கணக்கை இருமுறை செய்து ஒப்பிடுங்கள்.

இருமுறை செய்வதில் ஒரு குறை உண்டு. தற்காலிகத் தவறு இரண்டாம் முறை மறைந்துவிடும்; நிரந்தரமாகப் பழுதான கம்பியோ இரண்டு முறையும் ஒரே தவறான விடையைத் தரும். இதற்கு ஜனக் படேலும் லியோனா ஃபங்கும் 1982-இல் வெளியிட்ட வழி இன்றும் பயன்படுகிறது: இரண்டாம் முறை எண்களை ஓரிடம் நகர்த்திவிட்டுக் கணக்கிட்டு, விடையைத் திரும்ப நகர்த்தி ஒப்பிடுவது. பழுதான பிட்-இடம் இரண்டு முறையும் வெவ்வேறு பிட்களைத் தாக்குவதால் வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது.

மும்மடங்கு எங்கே, எப்படி

மோட்டார் ஆணையைத் தாங்கும் நிலைப்பொறிக்கு (அடுத்த நிலை எது என்று படிப்படியாக முடிவு செய்யும் சுற்றுக்கு) மட்டும் மும்மடங்குச் சுற்றும், மூன்றில் இரண்டாவது சொல்லும் விடையை ஏற்கும் பெரும்பான்மை முடிவும் தகும். ஒரு பிரதி சரியாக இருக்கும் வாய்ப்பு ஆர் என்றால், மூன்றின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஆரின் இருமடியை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து ஆரின் மும்மடியின் இருமடங்கைக் கழித்தால் வரும். ஆர் 0.9 எனில் விடை 0.972; ஆர் 0.4 எனில் விடை 0.352 ஆகி, தனிப் பிரதியைவிட மோசமாகிறது. மும்மடங்காக்குதல் நல்ல சுற்றை மேலும் நன்றாக்குமேயன்றி, நலிந்த சுற்றைக் காப்பாற்றாது.

மின்சிக்கனமும் பழுதுதாங்கலும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுவே. இங்கே நிதானமாகப் படியுங்கள். தூங்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த, விழித்திருக்கும் வட்டாரத்திலும் க்ளாக் துடிப்பை நிறுத்துகிறோம். பெரும்பான்மைச் சுற்று சரியான விடையைக் காட்டிக்கொண்டே இருக்கும்; ஆனால் கவிழ்ந்த ஃபிளிப்-ஃப்ளாப் (ஒரு பிட்டைத் தேக்கிவைக்கும் சுற்று) திருந்துவது அடுத்த துடிப்பு வரும்போதுதான், அதுவும் பெரும்பான்மை விடையை மூன்று பிரதிகளுக்கும் திருப்பிக் கொடுத்திருந்தால் மட்டுமே. துடிப்பு நின்றிருக்கும் காலத்தில் முதல் பிரதி கவிழ்ந்து, திருத்தப்படாமலே இரண்டாம் பிரதியும் கவிழ்ந்தால், பெரும்பான்மையே தவறான பக்கம் போய்விடும். ஆகவே விடையை மூன்றுக்கும் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு விழிப்பின் தொடக்கத்திலும், வேறெந்த வேலைக்கும் முன்பு, இந்த ஃபிளிப்-ஃப்ளாப்களுக்கு ஒரு துடிப்பு கொடுங்கள்.

நினைவகத்துக்கும் இதே விதி. 32 பிட் சொல்லுக்கு (நினைவகத்தில் ஒன்றாகப் படித்து எழுதும் பிட் தொகுதிக்கு) 7 சரிபார்ப்பு பிட்கள் சேர்த்தால் ஒரு பிட் தவறைத் திருத்தலாம், இரண்டு பிட் தவறைக் கண்டறியலாம். ஆனால் திருத்தியதைத் திரும்ப எழுதாவிட்டால் தவறுகள் குவியும். 4 கிலோபைட் நினைவகத்தில் 1,024 சொற்கள். ஒரு சொல்லைப் படித்துத் திருத்தி எழுத 4 துடிப்புகள் என்றாலும், 8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய அரை மில்லிசெகண்டு, 10 மைக்ரோஜூல். ஒரு விழிப்பின் 40 மில்லிஜூலுக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. ஒவ்வொரு விழிப்பிலும் தயங்காமல் செய்யுங்கள்.

மூன்று பிரதிகளைக் குறித்து இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரே விடையைத் தரும் மூன்று சுற்றுகளைக் கண்டால் வடிவமைப்பு நிரலைச் சுற்றாக மாற்றும் யோசிஸ் போன்ற தொகுப்பு மென்பொருள் இரண்டை வீண் என்று நீக்கிவிடும். எனவே அவற்றுக்கு ‘கீப்’ (நீக்காதே) குறியிட்டு, தொகுத்து முடிந்த வலைப்பட்டியலில் (சுற்றுகளையும் அவற்றின் இணைப்புகளையும் காட்டும் பட்டியலில்) மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, மூன்றையும் அருகருகே வைக்காதீர்கள். ஒரே துகளோ ஒரே மின்னழுத்தச் சரிவோ இரண்டைக் கவிழ்க்கலாம். எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட் கம்பி மூன்றுக்கும் பொதுவாக இருந்தால், அதில் தோன்றும் ஒரு குறுந்துடிப்பு உங்கள் உழைப்பு முழுவதையும் அழித்துவிடும்.

மோட்டாரை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயை நேரடியாக ஒரு பிட்டால் இயக்காமல், தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் துடிப்புவரிசையை மின்தேக்கி வழியே செலுத்தி இயக்குங்கள். சில்லின் அந்த முனை பூச்சியத்திலோ ஒன்றிலோ சிக்கிக்கொண்டால் துடிப்பு நின்று ரிலே தானாக விடுபடும். செயலி உறைந்தால் அதை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர், செயலியின் கடிகாரத்தைச் சாராத தனி அலையியற்றியில் ஓட வேண்டும். மின்னழுத்தம் சரிவதைக் கண்டறியும் சுற்றில், சில்லை நிறுத்தும் மின்னழுத்த எல்லையும் மீண்டும் இயக்கும் எல்லையும் விலகியிருக்க வேண்டும். இல்லையெனில், சரிந்து எழும் மின்னழுத்தத்தில் சில்லு ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும். மின்சாரம் போனாலும் அழியாத நிலைத்த நினைவகத்தில் எழுதும் பாதியில் மின்சாரம் போகக்கூடும் என்பதால், வரிசை எண்ணும் சி.ஆர்.சி.யும் கொண்ட இரண்டு பிரதிகளை மாறிமாறி எழுதுங்கள்.

கருவிகளும் சோதனையும்

செயலியை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. யாரும் பயன்படுத்தத் திறந்திருக்கும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுப்பில் ஐபெக்ஸ், பைகோஆர்வி32 போன்ற திறந்த வடிவங்களும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஷக்தியும் கிடைக்கின்றன. ஷக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் சில்லை, மொஹாலியிலுள்ள எஸ்.சி.எல். ஆலை 180 நானோமீட்டரில் செய்துகொடுத்தது 2025-இல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே இது முடிகிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். பயிற்சிக்கு, 2020-இல் வெளியான ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் திறந்த வடிவமைப்புத் தொகுதியும், வடிவத்தைச் சில்லு வரைபடமாக்கும் ஓபன்லேன் மென்பொருளும் போதும்.

சோதனையின் பெரும்பகுதி பழுதைத் திணித்துப் பார்ப்பதே. உருவகப்படுத்தும்போது தற்செயலாக ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பையும் ஒரு துடிப்பையும் தேர்ந்து அந்த பிட்டைக் கவிழ்த்து, விளைவு மறைந்ததா, கண்டறியப்பட்டதா, செயலி உறைந்ததா, ஓசையின்றித் தவறான விடை வந்ததா என்று வகைப்படுத்துங்கள். 95 விழுக்காட்டு நம்பகத்துடன் ஒரு விழுக்காட்டுப் பிழை எல்லைக்குள் முடிவு வர, ஏறத்தாழ 9,600 திணிப்புகள் தேவை. துடிப்பு நின்றிருக்கும் தூக்க நேரத்திலும் கட்டாயம் திணியுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி அதுதான்.

திருத்திய பிட்கள், வாட்ச்டாக் ரீசெட்டுகள், மின்னழுத்தச் சரிவுகள் ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணும் சிறு கணிப்பிகளைச் சில்லில் வைத்து, நீர்மட்டத்தோடு அவற்றையும் நாளுக்கு ஒருமுறை அனுப்பச் செய்யுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் வழக்கத்தை ஒட்டி, தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் முன்பே கருவியைப் பொருத்திவிட்டால், குறுவை முடிவதற்குள் வெயிற்கால எண்களும், சம்பாவின்போது இடிமின்னல் கால எண்களும் கைக்கு வரும். அந்த எண்களைப் பருவவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்த சில்லில் எந்தக் காவலைக் கூட்டுவது, எதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்யுங்கள்.