நிலவின் குழிகளைத் தேடிப் போயா இரவில் போகாதீர்கள்

கொழும்பில் புதிதாகத் தொலைநோக்கி வாங்குபவர்களோடு பல காலமாகப் பழகி வருகிறேன். நான் தாண்டி வந்த அதே இடறல்களில்தான் அவர்களும் கால் வைக்கிறார்கள். வில்லை மூடியைக் கழற்ற மறப்பது, முக்காலியை இறுக்காமல் விடுவது போன்றவை ஒரே இரவில் தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பௌர்ணமிக்குக் காத்திருப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் பொறுக்காது. பௌர்ணமி நாளான போயா என்றால் இலங்கையில் விடுமுறை. வானில் முழு நிலவு வேறு. குடும்பமே தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் புறப்படுகிறது. குழிகளையும் மலைகளையும் பார்ப்பதற்கு மாதத்திலேயே மிக மோசமான இரவு அதுதான்.

நிலவின் மேடுபள்ளங்களை நமக்குக் காட்டித் தருவது அவற்றின் நிழல். மாலை வெயிலில் கடற்கரை மணலில் ஆழமாகத் தெரியும் காலடித் தடம் உச்சி வெயிலில் மறைந்துவிடுகிறது அல்லவா? பௌர்ணமியன்று நிலவு முழுவதற்கும் அந்த நிலைதான். சூரியன் நம் முதுகுப் பக்கத்திலிருந்து ஒளி வீசுவதால் நம் கண்ணில் படும்படி எந்த நிழலும் விழுவதில்லை. போதாக்குறைக்கு, அரை நிலவைவிட முழு நிலவின் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. கண் கூசுகிறது, வேறொன்றும் தெரிவதில்லை.

வெள்ளவத்தையில் ஒரு தந்தை, சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்த மகளுக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தார். முதல் இரவே போயா. “மாமா, குழியெல்லாம் எங்கே?” என்று அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள். கருவி சரியில்லை என்று முடிவு கட்டி அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டார்கள். எத்தனை வீடுகளில் இப்படி நல்ல கருவிகள் தூசு பிடித்துக் கிடக்கின்றன! வளர்பிறை அட்டமியில் மறுபடியும் எடுங்கள் என்றேன். அட்டமி, நவமியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்றார் தாயார். நிலவு பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டையும்விட நல்ல நாள் கிடையாது.

பார்க்க வேண்டிய இடம், நிலவின் பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோடு. வளர்பிறையில் அங்கே அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. சின்ன மேடுகூட நீண்ட நிழலை வீசும். வீட்டு நாட்காட்டியில் திதியைப் பார்த்தாலே போதும். சஷ்டியில் தியோபிலஸ், சிரிலஸ், கத்தரினா என்ற மூன்று குழிகளும் வரிசையாக நிற்கும். அட்டமியில் டொலமேயஸ் குழியும் அப்பனைன் மலைத்தொடரும். நவமியில் நேர்ச்சுவர் என்ற நீண்ட பாறைச் சரிவு: ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளம், உயரமோ 300 மீட்டர்கூட வராது. அது கறுப்புக் கோடாகத் தெரிவதற்குத் தாழ்ந்த சூரியன் ஒன்றே காரணம். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

தசமிக்குக் கொப்பர்னிக்கஸ் குழி. 93 கிலோமீட்டர் அகலம், நான்கு கிலோமீட்டரை நெருங்கும் ஆழம். முதலில் விளிம்பு மட்டும் ஒளிரும், உள்ளே மையிருட்டு. எல்லைக்கோடு நிலவின் நடுக்கோட்டருகே மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில்தான் நகர்கிறது. அவசரப்படாமல் இருந்து பார்த்தால், மேற்குச் சுவரின் படியடுக்குகளும் பிறகு நடுவிலுள்ள முகடுகளின் நுனிகளும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். இருட்டுப் பக்கத்தில் இப்படித் தனியே மினுங்கிய முகடுகள் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் கொண்டுதான் கலிலியோ நானூறு ஆண்டுகளுக்கு முன் நிலவு மலைகளின் உயரத்தைக் கணக்கிட்டார்.

பௌர்ணமியை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். டைக்கோ குழியிலிருந்து நாலாபுறமும் ஓடும் வெண்கதிர்கள் அன்றுதான் முழுமையாகத் தெரியும். அவற்றுக்காகப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

பெட்டியில் எழுதிய 525 மடங்கை நம்புவது

முகப்பு வில்லை 70 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிக்கு 140 மடங்கு உருப்பெருக்கமே உச்சம்.

நகர வெளிச்சத்துக்குப் பயப்படுவது

நிலவுக்கு அது தடையே இல்லை. கொழும்பு கோட்டைப் பகுதியின் நடுவில் நின்றும் பார்க்கலாம்.

பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்கு ஏறுவது

பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீட் இரவில் வெப்பத்தை விடுகிறது. குழியின் விளிம்பு நடுங்கித் தெரிந்தால் காரணம் அதுவாகவே இருக்கும். எட்டு, ஒன்பது மணி வரை பொறுங்கள். கருவியை முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள்.

ஈரத்தோடு பெட்டியில் மூடுவது

கொழும்புக் காற்றில் வில்லைக்குப் பூஞ்சணம் நிச்சயம். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

வரைபடத்தை அப்படியே நம்புவது

வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். கொழும்பிலோ, மேற்கே இறங்கும் நிலவின் வடக்கு நமக்கு வலப்பக்கம் வந்துவிடும். கண்ணாடித் தொலைநோக்கி அதைத் தலைகீழாக்கும். வில்லைத் தொலைநோக்கியில் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் சாய்வுக் கண்ணாடி இடம் வலமாக மாற்றும். முதலில் விளிம்பருகே தனித்து நிற்கும் கரும்பொட்டான மாரே கிரைசியத்தைக் கண்டுபிடியுங்கள். அது பொருந்தும்வரை படத்தைச் சுழற்றுங்கள். எப்படிச் சுழற்றியும் பொருந்தவில்லையென்றால், தொலைபேசியில் படத்தை இடம் வலமாகப் புரட்டிக்கொள்ளுங்கள்.