குதிரைக் கண்ணில் மருந்து விட்ட அனுபவம்

சம்பா அறுவடை சமயம். வைக்கோல் தாள் குத்தியதோ, தூசியோ, எங்கள் ரேக்ளா குதிரைக்கு இடது கண் மூடியே கிடந்தது; ஓயாமல் நீர். எதிரே நின்று பார்த்தால் அந்தக் கண்ணின் இமைமுடி மட்டும் கீழே சாய்ந்திருந்தது. வலியின் அடையாளம் அது என்றார் கால்நடை மருத்துவர். புண் இருக்கிறதா என்று கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியில் பச்சையாக ஒட்டியது; ஒட்டிய இடம்தான் புண். சொட்டு மருந்தும் களிம்பும் எழுதிவிட்டு, ஸ்டீராய்டு கலந்த எதையும் விடவே கூடாது, புண் ஆழமாகிவிடும் என்றார்.

உள்ளே விடுவதுதான் பெரும்பாடு. மேல் இமைக்கு அத்தனை பலம், விரலால் தூக்கவே முடியவில்லை. மூக்கைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்தோம், இன்னும் மிரண்டது. வெல்லம் காட்டினோம், வெல்லம் வாய்க்குள் போனது, களிம்பு கன்னத்தில்.

மயிலாடுதுறைப் பக்கத்து வண்டிக்கார மாமாதான் வழி சொன்னார்: "டியூப்பைக் காட்டாம பக்கவாட்டுல போங்க தம்பி. கையை அதும்மேலயே ஊனிக்கங்க." உள்ளங்கையின் அடிப்பகுதியைக் கன்ன எலும்பில் ஊன்றினேன். தலை ஆடினால் கையும் சேர்ந்து ஆடும், டியூப் முனை கண்ணில் குத்தாது. மேல் இமையைச் சீண்டாமல் கீழ் இமையை லேசாக இழுத்தால் சின்னப் பை மாதிரி விரியும். அதில் அரிசி நீளத்துக்குக் களிம்பு. சொட்டு மருந்துக்கு ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்ச்; 0.1 மில்லி போதும், மிச்சம் வழிந்துதான் போகும். முதலில் சொட்டு, 5 நிமிடம் கழித்துக் களிம்பு. மாற்றிப் போட்டால் களிம்பு சொட்டை உள்ளே விடாது.

கண் திறந்த பிறகும், சாயம் ஒட்டாது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. பகலில் ஈ மொய்க்காமல் வலை முகமூடி.