ஆர்வத்தை ஒளிக்காமல் காதலை அணுகுவது எப்படி?

தொலைநோக்கியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "எனக்கு அப்படிப் பெரிய ஆர்வமெல்லாம் இல்லை" என்று முதல் சந்திப்பில் சொல்லும் பெண், அந்தப் பொய்யை ஒவ்வொரு சந்திப்பிலும் காப்பாற்றியாக வேண்டியிருக்கும். ஆகவே, பழகத் தொடங்கும்போதே ஓர் ஆர்வத்தையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பாடம் நடத்த வேண்டாம். 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் 4 நிலவுகளும் சிறிய தொலைநோக்கியிலேயே தெரியும் என்று கூறி, நீங்கள் பழகுபவரையும் ஒரு முறை கண்வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். புரியாவிட்டாலும் இன்னொரு கேள்வி கேட்பவரோடு தாராளமாகப் பழகலாம், "பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிரிப்பவரிடம், என் கருத்தில், பழக்கத்தை அத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. ஏற்கெனவே மறைத்துவிட்டீர்களென்றால், விலகிவிடுவாரோ என்ற அச்சத்தில்தான் சொல்லவில்லை என்பதை நேரில் சொல்லிவிட்டு, தொலைநோக்கியை வெளியே எடுத்துத் தூசி துடைத்து, பழையபடி சன்னலோரம் நிறுத்துங்கள்.